ஒன்பதையும் ஒருத்தரிடமே கொடுத்துப் பாருங்கள்

பினாங்கின் லெபோ பாசாரில் இப்போது கைப்பேசி உறையும் சார்ஜரும் விற்கிற ஒரு கடை இருக்கிறது. போன வாரம் அம்மாவுக்குப் புடவை எடுக்கப் போனபோது அதன் முன்னால் அஞ்சடி நடைபாதையில் ஐந்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன். இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அது விசிடி கடை. வாசலின் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள். காலையில் பக்திப் பாட்டில் தொடங்கி, ராத்திரி கதவு சாத்தும்வரை பாட்டு நிற்காது. எதிரே மளிகைக்கடையில் வேலை பார்த்த என் அப்பா, வாடிக்கையாளர் சொல்வது காதில் விழாமல் ஒரு கையைக் காதருகே குவித்துக்கொண்டுதான் பாதி வியாபாரம் செய்திருப்பார்.

அந்தக் கடையின் உள்பக்கச் சுவரில் ஒரு தனி அலமாரி. மேலே அட்டையில் கையால் எழுதி ஒட்டியிருப்பார்கள்: காமெடி. நாகேஷ், தங்கவேலு, சுருளிராஜன், கவுண்டமணி செந்தில், விவேக், வடிவேலு என்று ஆளுக்கொரு வரிசை. ஒரு தட்டு ஐந்து வெள்ளி. மூன்று எடுத்தால் விலை குறையும். வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அப்பா நேராக அங்கேதான் போவார். ஆயர் ஈத்தாம் பஸ் ஏறும்போது ஒரு கையில் கறிவேப்பிலைக் கட்டு, இன்னொரு கையில் சின்ன பிளாஸ்டிக் பை. அதற்குள் அந்த வாரத்து ஆள்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்துவிடுவோம். அந்தத் தட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். படம் இருக்காது. கதாநாயகன், பாட்டு, சண்டை எதுவும் இருக்காது. ஒரு படத்திலிருந்து மூன்று நிமிடம், அடுத்த படத்திலிருந்து ஏழு நிமிடம், இப்படி ஒரு மணி நேரத்துக்கு வெட்டி ஒட்டியது. நடுவில் கதாநாயகன் வந்தால்கூட முதுகைக் காட்டிக்கொண்டு வருவார். முகம் முழுக்க நகைச்சுவை நடிகருடையது.

யாரோ வியாபாரத்துக்காகச் செய்த வெட்டு ஒட்டு வேலைதான். ஆனால் ஒரு நடிகரைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். முழுப் படமாகப் பார்க்கும்போது நாம் கதையோடு போய்விடுகிறோம். தட்டில் அப்படி இல்லை. ஒரே மனிதர், அடுத்தடுத்து, வேறு வேறு ஆளாக. பணக்கார அப்பாவிடம் பணம் கேட்டுச் சினிமா எடுக்கத் துடிக்கிற செல்லப்பாவை அடுத்து, கோயில் மண்டபத்தில் தனியாகப் புலம்புகிற தருமி. அவருக்கு அடுத்து, குழைந்து குழைந்து ஊரைக் கெடுக்கிற வைத்தி. செல்லப்பாவின் கழுத்து நிமிர்ந்தே இருக்கும், தருமியின் தோள் பசியில் உள்ளே போயிருக்கும், வைத்தியின் இடுப்பு நேராக நிற்கவே நிற்காது. மூன்றும் நாகேஷின் அதே ஒல்லி உடம்பு. பத்து வயதில் எனக்கு இதைச் சொல்லத் தெரியாது. ஆனால் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால்தான் பார்க்க முடிந்தது.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். தொலைக்காட்சியில் தொகுப்புத் தொடர் என்று ஒரு வடிவம் உண்டு. வாரம் ஒரு புதுக் கதை, புது ஊர், புது மனிதர்கள். அந்த வடிவத்தை ஒரே ஒரு நகைச்சுவைக் கலைஞரின் கையில் கொடுத்து, ஒவ்வொரு கதையிலும் அவரையே வேறு ஆளாக நிறுத்தி, சிரிப்பும் அழுகையும் கலந்து எடுத்தால் என்ன கிடைக்கும்? தமிழில் அதை யாரும் முழுதாகச் செய்து பார்க்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

பிரிட்டனில் செய்திருக்கிறார்கள். 1973இல் பிபிசி, ரானி பார்க்கர் என்ற நகைச்சுவை நடிகரை வைத்து 'செவன் ஆஃப் ஒன்' என்று ஏழு தனித்தனிக் கதைகள் எடுத்தது. ஏழிலும் அவர்தான், ஏழிலும் வேறு ஆள். ஒன்றில் சிறைக்கைதி, ஒன்றில் கஞ்சத்தனமான மளிகைக்கடைக்காரர். அந்த இரண்டு கதையும் பிறகு தனித் தொடர்களாகவே வளர்ந்து வருடக்கணக்கில் ஓடின. 1991இலிருந்து 1999க்குள் டான் பிரெஞ்ச் என்ற நடிகை 'மர்டர் மோஸ்ட் ஹாரிட்' தொடரில் 24 கதைகளில் நடித்தார். எல்லாம் கொலைக் கதை, எல்லாவற்றிலும் அவரே மையம். பெண் நகைச்சுவைக் கலைஞர் ஒருவருக்கு அப்படி ஓர் இடம் கிடைத்ததை நினைக்கும்போது எனக்கு மனோரமாதான் கண்முன் வருகிறார். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தவர். ஜில் ஜில் ரமாமணி வேறு, 'சின்னக் கவுண்டர்' அம்மா வேறு. 'புதிய பாதை'க்குத் தேசிய விருது வாங்கினார். அவருக்கு 24 கதை வேண்டாம், ஆறு கதை போதும். அந்த ஆறு இப்போது நம்மிடம் இருந்திருந்தால்!

இந்தியாவில் இதற்கு மிக அருகில் போன ஆள் சதீஷ் ஷா. 1984இல் தூர்தர்ஷனில் 'யே ஜோ ஹை ஜிந்தகி' தொடங்கியது. ரஞ்சித், ரேணு என்று ஒரு இளம் தம்பதி, கூடவே ரேணுவின் தம்பி. ஷஃபி இனாம்தார், ஸ்வரூப் சம்பத், ராகேஷ் பேடி மூவரும் வாராவாரம் அதே ஆட்கள். எழுதியவர் இந்தியின் பெரிய அங்கத எழுத்தாளர் சரத் ஜோஷி. இயக்குநர்களில் ஒருவர் குந்தன் ஷா. தொகுப்புத் தொடர் என்று அதைச் சொல்ல முடியாது, ஒரு குடும்பத்தின் தொடர்கதைதான். ஆனால் அந்த வீட்டுக் கதவை ஒவ்வொரு வாரமும் ஒரு புது ஆள் வந்து தட்டுவார். அந்தப் புது ஆள் ஒவ்வொரு முறையும் சதீஷ் ஷா! ஒரு வாரம் மேலதிகாரி, ஒரு வாரம் விருந்தாளி, இன்னொரு வாரம் வேறு மாநிலத்துக்காரர். இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட வேடங்கள்.

நான் இதை யூடியூபில்தான் பார்த்தேன், ரொம்பப் பிந்தி. என் இந்தி சினிமா பார்த்துக் கற்ற இந்தி, பாதி வசனம் கைநழுவும். ஆனாலும் அவர் உள்ளே வரும் அந்த முதல் பத்து நொடியில் ஆள் யார் என்று விளங்கிவிடும். செருப்பை எங்கே கழற்றுகிறார், நாற்காலியின் நுனியில் உட்காருகிறாரா, சாய்ந்து உட்காருகிறாரா, தண்ணீர் டம்ளரை ஒரு கையால் வாங்குகிறாரா, இரண்டு கையாலா என்பதிலேயே. ஒட்டு மீசை, தொப்பி, மூக்குக் கண்ணாடி எல்லாம் அதற்கு மேலே போட்டுக்கொள்வதுதான். அக்டோபர் 2025இல் அவர் இறந்தபோது நான் திரும்ப எடுத்துப் பார்த்தது அந்தக் கதவு தட்டும் காட்சிகளைத்தான்.

சதீஷ் ஷாவையும் நாகேஷையும் என் மனசுக்குள் இணைக்கிற இன்னொரு விஷயம் உண்டு. இரண்டு பேரும் பிணமாக நடித்து மக்கள் மனதில் நின்றவர்கள். 1983இல் வந்த 'ஜானே பீ தோ யாரோ'வில் சதீஷ் ஷா ஊழல் அதிகாரி. செத்த பிறகுதான் அவருக்கு உண்மையான வேலையே. சவப்பெட்டியோடு சாலையில் உருண்டு, கடைசியில் மகாபாரத நாடக மேடையில் திரௌபதியாகப் போய் நிற்பார். 1994இல் 'மகளிர் மட்டும்' படத்தில் நாகேஷ். மூன்று பெண்கள் தங்கள் மேலதிகாரி என்று நினைத்து ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு போகும் சடலம். வசனம் கிடையாது, இமைகூட அசையாது. சிரிப்பு நடிகர்களின் வித்தை வாயில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் பார்க்கட்டும். தலை எந்தப் பக்கம் சாய வேண்டும், கை எப்போது தொங்க வேண்டும், சுற்றி நிற்பவர்கள் பதறும்போது தான் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று அந்த உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. அதே 1994இல்தான் 'நம்மவர்' படத்தில் மகளை இழந்த அப்பாவாக வந்தார் நாகேஷ். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அதற்குத்தான். ஒரே வருடத்தில் ஒரு படத்தில் பிணம், இன்னொரு படத்தில் பிணத்தின் முன்னால் நிற்கும் தகப்பன்.

நாகேஷின் 1964, 1965 இரண்டு வருடத்தை மட்டும் எடுத்து அடுக்கிப் பாருங்கள். 'காதலிக்க நேரமில்லை' செல்லப்பா. 'சர்வர் சுந்தரம்' சுந்தரம். கே. பாலசந்தர் முதன்முதலாக இயக்கிய 'நீர்க்குமிழி'யில் ஆஸ்பத்திரி வார்டையே சிரிக்கவைத்துவிட்டுச் செத்துப்போகும் நோயாளி. 'திருவிளையாடல்' தருமி. இந்த நாலையும் வாரத்துக்கு ஒன்றாகத் தொலைக்காட்சியில் போட்டிருந்தால் அதுதான் நான் சொல்கிற தொடர். அப்போது நம்மிடம் தொலைக்காட்சி இல்லை, சினிமாதான் இருந்தது. சென்னைத் தூர்தர்ஷன் வந்ததே 1975இல்.

'சர்வர் சுந்தரம்' என்றதும் அப்பா சொன்ன ஒன்றை எழுதியாக வேண்டும். நாகேஷ் தட்டு வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தோம். அடுக்கடுக்காக டம்ளரைத் தூக்கிக்கொண்டு வரும் சர்வர். அப்பா சிரிக்கவில்லை. சுந்தரம் காட்சி முடிந்து வேறு படம் தொடங்கியதும் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

"ஏம்மா, இதுல பாதி ஆளைக் காணோமே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. தான் சின்னப் பையனாகத் தியேட்டரில் பார்த்த முழுப் படத்தையும் அன்று ராத்திரி உட்கார்ந்து சொன்னார். ராதா விரும்புவது தன்னை அல்ல, நண்பன் ராகவனைத்தான் என்று சுந்தரத்துக்குத் தெரிய வருவதைச் சொன்னார். பெரிய நடிகனாகிப் படப்பிடிப்பில் நிற்கும்போது அவன் அம்மா செத்துப்போவதைச் சொன்னார். கடைசியில் அவன் அந்தப் பழைய சர்வர் உடுப்பைத் தேடி வருவதைச் சொன்னார். சொல்லும்போது குரல் மாறியது. தட்டு போட்டவர்கள் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குப்பையில் போட்டிருந்தார்கள். டம்ளர் அடுக்கைத் தூக்கும் கையும், அம்மா செத்த செய்தி கேட்டு நடுங்கும் கையும் ஒரே கை என்பதை அந்த வெட்டு மறைத்துவிட்டது.

பிறகு வந்த 24 மணி நேர நகைச்சுவைத் தொலைக்காட்சிகளும் அதே வெட்டைத்தான் தொடர்ந்தன. 'தேவர் மகன்' என்றால் இசக்கி பேசும் சிரிப்புப் பகுதி ஓடும். அதே இசக்கி, சக்தி சொன்னான் என்று கோயில் பூட்டைத் திறந்துவிட்டு, அதற்காகக் கை வெட்டப்பட்டுக் கிடக்கும் இடம் ஓடாது. ஆஸ்பத்திரியில் இனி ஒரே கையால்தான் எல்லாமே என்று அவன் பேசும்போது தியேட்டரே சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் திணறியது. 1992 அது. வடிவேலு என்ற நடிகருக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் 'மாமன்னன்' வந்தது 2023இல். நடுவில் 31 வருடம்! கைப்புள்ள, நேசமணி, நாய் சேகர், வண்டு முருகன் எல்லாம் எனக்கு உயிர். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் தனக்கு நாற்காலி போடாத இடத்தில் நின்றே பழகிய ஒரு சட்டமன்ற உறுப்பினர், மகன் உட்காரச் சொல்லும்போது உட்காரத் தயங்குகிற அந்த உடம்பை 31 வருடம் நாம் காக்கவைத்திருக்கிறோம்.

சின்னத்திரையில் எம்.எஸ். பாஸ்கருக்கு நடந்ததும் இதுவே. சன் டிவி அஸ்ட்ரோ வழியாக எங்கள் வீட்டுக்கும் வந்த காலம். 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வில் அவர் பட்டாபி. எங்கள் அடுக்குமாடியில் அந்த நேரத்துக்கு எல்லா வீட்டுக் கதவு வழியாகவும் அதே குரல்தான் கேட்கும். வாராவாரம் அதே பட்டாபி, அதே நடை, அதே இழுவைப் பேச்சு. தொடர்கதை அப்படித்தான் கேட்கும், நடிகர் ஒரு முகமூடியைப் போட்டால் கழற்ற விடாது. '8 தோட்டாக்கள்' வந்தபோதுதான் அந்த முகத்துக்குள் இப்படி ஒரு களைத்துப்போன மனிதர் இருந்தாரா என்று ஊர் திரும்பிப் பார்த்தது. 'பார்க்கிங்'கில் கார் நிறுத்தும் இடத்துக்காகத் தன் மரியாதை முழுவதையும் பணயம் வைக்கிற அரசு ஊழியர். 2025இல் அறிவித்த தேசிய விருது அதற்குக் கிடைத்தது. சந்தோஷம்தான். பட்டாபி காலத்திலேயே அவரிடம் வாரம் ஒரு புது மனிதரைக் கொடுத்திருந்தால் எத்தனை பேரைப் பார்த்திருப்போம் என்ற ஏக்கமும் கூடவே வருகிறது.

தொகுப்புக் கதைகள் தமிழில் வராமல் இல்லை. 2020இல் 'புத்தம் புதுக் காலை', 'பாவக் கதைகள்' என்று வரிசையாக வந்தன. ஆகஸ்ட் 2021இல் 'நவரசா'. மணிரத்னமும் ஜெயேந்திராவும் சேர்ந்து, பெருந்தொற்றில் வேலை இழந்த திரைத் தொழிலாளர்களுக்காக முன்னெடுத்தது. ஒன்பது சுவைக்கு ஒன்பது கதை, ஒன்பது விதமான இயக்குநர்கள். நல்ல நோக்கம், பெரிய பெயர்கள். ஆவலோடு உட்கார்ந்தேன். யோகி பாபு எந்தக் கதையில் என்று பார்த்தால், பிரியதர்ஷன் இயக்கிய 'சம்மர் ஆஃப் 92'. சுவை: ஹாஸ்யம். வேறென்ன கொடுப்பார்கள்!

எனக்கு அங்கேதான் மனசு விட்டுப்போனது. அதற்கு நாலு மாதம் முன்னால், ஏப்ரல் 2021இல், தமிழ்நாட்டுத் தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, விஜய் டிவி நேரடியாக ஒளிபரப்பிய 'மண்டேலா'வை நாடே பார்த்திருந்தது. ஊருக்கு வெளியே மரத்தடியில் முடி வெட்டுகிற, பெயர்கூடச் சரியாக இல்லாத ஒருவன், ஒரு வோட்டு கைக்கு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கிறான். அந்த ஒரு பாத்திரத்துக்குள் கருணை, வீரம், பயம், வெட்கம் எல்லாவற்றையும் யோகி பாபு காட்டிவிட்டார். மடோன் அஷ்வின் அவரை நம்பியிருந்தார். 'நவரசா'வில் ஒன்பது அறை இருந்தது. நகைச்சுவை நடிகரை அழைத்துப்போய் சிரிப்பு அறையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

ஒன்பதையும் அவரிடமே கொடுத்திருந்தால்?

வெறும் ஆசையில் கேட்கவில்லை. ஒன்பதையும் ஒரே ஆளிடம் கொடுத்த கதை நம்மிடம் இருக்கிறது. 1964 தீபாவளிக்கு வந்த ஏ.பி. நாகராஜனின் 'நவராத்திரி'. வீட்டைவிட்டு வெளியேறும் ஒரு பெண், சாவித்திரி. ஒன்பது இரவில் ஒன்பது ஆண்களைச் சந்திக்கிறார். மனைவியை இழந்தவர், குடிகாரன், மருத்துவர், கொலைகாரன், கள்ளம் தெரியாத விவசாயி, குஷ்டரோகி, தெருக்கூத்துக் கலைஞர் என்று போகும். ஒன்பது பேரும் சிவாஜி. அது அவருக்கு நூறாவது படம். தெலுங்கில் நாகேஸ்வர ராவும் இந்தியில் சஞ்சீவ் குமாரும் அதே ஒன்பது வேடத்தைப் போட்டார்கள். ஒவ்வொரு இரவும் கிட்டத்தட்ட ஒரு தனிக் கதை. இன்றைக்கு அதை அப்படியே ஒன்பது வாரத் தொடராக வெட்டிப் போடலாம். வடிவம் அறுபது வருடத்துக்கு முன்னாலேயே நம் கையில் இருந்தது. அதை ஒரு நாயக நடிகரின் கிரீடமாகப் பார்த்தோம், அவ்வளவுதான். நாகேஷுக்கு ஒரு நவராத்திரி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

நகைச்சுவைக் கலைஞருக்கு இது கூடுதலாகப் பொருந்தும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவர்கள் கேட்கத் தெரிந்தவர்கள். எதிரே இருப்பவர் பேசி முடித்து, ஒரு மூச்சு விட்டு, சரியாக எந்தக் கணத்தில் திரும்ப வேண்டும் என்பதில்தான் அவர்கள் பிழைப்பே இருக்கிறது. அரை நொடி பிந்தினால் சிரிப்பு போய்விடும். அந்தக் காதை அப்படியே சோகத்துக்குத் திருப்பினால் அது பொய்யாகாது. அடுத்தது, நம் சினிமா அவர்களை எப்போதும் கீழே நிற்கும் ஆளாகவே வைத்திருக்கிறது. அடி வாங்குபவர், கடன் வாங்குபவர், வேலைக்கு நிற்பவர். இது அநியாயம்தான். ஆனால் கீழே நிற்பவனுக்கு மேலே இருக்கும் எல்லாருடைய முகமும் தெரியும். 'கொட்டுக்காளி'யில் சூரியைப் பாருங்கள். தொண்டை கட்டி, குரலே சரியாக எழும்பாத ஒருவன். பேசிச் சிரிக்கவைத்த நடிகரின் பேச்சையே எடுத்துவிட்டார் இயக்குநர் வினோத்ராஜ். மிச்சமிருந்த உடம்பு மிரட்டியது.

எங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். ஜார்ஜ் டவுனில் 1929இல் பிறந்த மலாய்த் திரைக்கலைஞர் பி. ராம்லி. அவர் பிறந்த வீட்டைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், அந்தச் சாலைக்கே அவர் பெயர்தான். அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய 'பக்தி' படத்தை 1950இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன், தமிழர். நம் ஆட்களுக்கு இது நிறையப் பேருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். 'புஜாங் லாபோக்' படங்களில் ராம்லி அடிக்கும் கூத்துக்கு என் சீனத் தோழி, மலாய்த் தோழி, நான் மூவரும் ஒரே இடத்தில் சிரிப்போம். அதே ராம்லிதான் 1962இல் 'இபு மெர்துவாகு'வில் உண்மை தெரிந்ததும் முள்கரண்டியால் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்ளும் இசைக்கலைஞன். இரண்டு வருடம் கழித்து 'மாடு தீகா'வில் மூன்று மனைவிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு திண்டாடும் கணவன். மலாய்க்காரர்கள் அவரை ஒரு பெட்டிக்குள் அடைக்கவில்லை. தானே இயக்கினார், தானே பாடினார், அதனால் யாரும் அவருக்கு அறை ஒதுக்க முடியவில்லை.

சரி, யாராவது வந்து என்னிடம் கேட்டால் என்ன எடுக்கச் சொல்வேன்? நான் யோசித்து வைத்திருக்கிறேன். வெளியூர் போக வேண்டாம். லெபோ பாசார், லெபோ குயின், பினாங்கு ஸ்திரீட். இந்த மூன்று தெரு போதும். ஆறு கதை, கதைக்கு அரை மணி நேரம், ஒரே ஒரு நகைச்சுவைக் கலைஞர். மலேசியத் தமிழராக இருந்தால் நல்லது. இந்தத் தெருவின் தமிழ் வாயில் வர வேண்டும், நடுவில் மலாயும் ஹொக்கியனும் தடுக்காமல் ஓட வேண்டும்.

ஒரு கதையில் அவர் மகாமாரியம்மன் கோயில் பக்கம் உட்காரும் கிளி ஜோசியர். 1833இலிருந்து நிற்கிற கோயில், அதன் நிழலில் ஒரு மடிப்புப் பலகை. சுற்றுலா வந்த ஒரு பெண் தன் எதிர்காலத்தைக் கேட்கிறாள், இவர் மனசு முழுக்க அன்றைக்குச் சீட்டு எடுக்க மறுக்கிற கிளிமேல் இருக்கிறது. கிளிக்கு வயதாகிவிட்டது. இதில் எவ்வளவு சிரிக்கலாம், எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று நல்ல நடிகருக்கு விளங்கும். இன்னொன்றில் பூக்கட்டுபவர். தைப்பூசத்துக்கு முதல் நாள், விடிந்தால் வெள்ளி ரதம் கிளம்பும், கையில் இன்னும் கட்டாத பூ ஒரு கூடை, விடாமல் அடிக்கும் போன். மற்றொன்றில் காசு மாற்றும் கடையில், கண்ணாடிக்குப் பின்னால் நாள் முழுக்க அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவர். துணிக்கடையில் ஒரு புடவைக்கு நாற்பது புடவை விரித்துக் காட்டிவிட்டு, எதுவும் வாங்காமல் போனவர்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மடிப்பவர். நாசி கண்டார் கடையில் நாலு குழம்பையும் கலந்து ஊற்றும் கை மட்டுமே தெரிகிற அண்ணன். ஒரு கதையில் வந்த ஆள் அடுத்த கதையில் அஞ்சடியில் பின்னால் நடந்துபோக வேண்டும். நடப்பவரும் அவரே, பார்ப்பவரும் அவரே. பார்க்கிறவர்களுக்கு உறைக்கவே கூடாது.

ஆறாவது கதை மளிகைக்கடை. அதை நான் யாரிடமும் கேட்டு எழுத வேண்டியதில்லை.

அந்தக் கடையில் அப்பா 28 வருடம் நின்றார். பள்ளி விடுமுறையில் மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஹொக்கியன் பேசும் ஒரு சீனப் பாட்டி வருவார். கறித்தூளைத் தன் கண்முன்னால் நிறுக்கச் சொல்வார். அவரிடம் அப்பாவின் குரல் ஏறும், கை வீசும், பொய்யாகக் கோபித்துக்கொள்வார், பாட்டி அதைவிடப் பெரிய பொய்க் கோபம் காட்டுவார். பள்ளிவாசல் பக்கமிருந்து ஒரு ஹாஜி வருவார். அவரிடம் அப்பாவின் மலாய் அவ்வளவு பதமாக இருக்கும், தலைகூட லேசாகச் சாய்ந்துவிடும். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பையன்களிடம் அண்ணன். கல்யாணச் சாமான் எழுத வரும் அம்மாக்களிடம் தம்பி. தட்டில் நாகேஷ் செய்ததைத்தான் அப்பா அங்கே தினமும் செய்துகொண்டிருந்தார். எனக்கு அப்போது தெரியவில்லை.

அப்பாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. காது நன்றாக மந்தமாகிவிட்டது. போன வாரம் புடவையோடு வீட்டுக்கு வந்து, அந்த விசிடி கடை கைப்பேசிக் கடையானதைச் சொன்னேன். பேச்சு வளர்ந்தது. "அந்தச் சீனப் பாட்டிகிட்ட எப்படிப் பேசுவீங்க, செஞ்சு காட்டுங்கப்பா" என்றேன். முதலில் மறுத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோளைத் தூக்கினார், கை வீசியது, எட்டு வருடமாக வீட்டில் யாரும் கேட்காத ஹொக்கியன் சரளமாக வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். ஹாஜியிடம் பேசுவதைச் செய்தார். முகமே இளகிவிட்டது. கல்யாணச் சாமான் அம்மாவிடம் தேங்காய் எத்தனை, பாக்கு எத்தனை என்று கேட்டு, கற்பனைப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"முதலாளி வந்தா எப்படிப்பா?" என்று கேட்டேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூட்டு வலியோடு மெதுவாக, அப்பா எழுந்து நின்றார்.